வளையயெக்சனோன்

வளையயெக்சனோன் என்பது ஆறு கார்பன் அணுக்களாலான வளையத்தில் ஒரு கார்பன் மட்டும் ஆக்சிசனுடன் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ள ஒரு கரிமச் சேர்மமாகும். நிறமற்ற, எண்ணெய் போன்ற இந்நீர்மம் புதினாவையும் அசிட்டோனையும் ஒருசேர நினைவூட்டும் மணமுடையது, நாட்பட்டால் மஞ்சளாகிறது. இதன் கொதிநிலை ஏறத்தாழ 156 பாகை செல்சியசு. நீரில் ஓரளவே கரையும். பிவிசி நெகிழியைக் கரைப்பதால் குழாய் ஒட்டும் பசைகள் சிலவற்றில் இது கரைப்பானாகச் சேர்க்கப்படுகிறது.

ஆனால் தயாரிக்கப்படும் வளையயெக்சனோனில் பெரும்பகுதி நைலானாகவே மாறுகிறது. ஐதராக்சிலமைனுடன் வினைபுரிந்து இது ஆக்சைமைத் தருகிறது. பெக்மன் மறுசீராக்கல் வினையில் ஆக்சைமின் ஆறு உறுப்பு வளையத்திற்குள் நைட்ரசன் நுழைய, ஏழு உறுப்பு வளையமான காப்ரோலாக்டம் கிடைக்கிறது. இதைப் பலபடியாக்கினால் நைலான் 6 உருவாகும். நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிசனேற்றினாலோ வளையம் உடைந்து, நைலான் 6,6 தயாரிக்க உதவும் அடிப்பிக் அமிலம் உண்டாகிறது.

தொழிற்சாலைகளில் வளையயெக்சேனைக் காற்றினால் ஆக்சிசனேற்றி, வளையயெக்சனோனும் வளையயெக்சனாலும் கலந்த கலவையைப் பெறுகின்றனர். இங்கு ஒரு சிக்கல் உண்டு. விளைபொருட்கள் மூலப்பொருளைவிட எளிதில் ஆக்சிசனேற்றமடையும். வினையை நீள விட்டால் அவை வீணாகிவிடும். எனவே ஒரு சுற்றில் சில விழுக்காடு மட்டுமே வினைபுரிய விட்டு, எஞ்சியதைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றனர். அதாவது, எளிதில் தீப்பற்றும் வளையயெக்சேன் பெருமளவில், வெப்பத்திலும் அழுத்தத்திலும், எப்போதும் ஆலைக்குள் இருக்கிறது.

இதன் விளைவை இங்கிலாந்தின் பிளிக்சுபரோ கண்டது. அங்கிருந்த ஆலையில் ஆறு வினைகலன்கள் வரிசையாக இருந்தன. 1974 மார்ச்சில் ஐந்தாவது கலனில் விரிசல் காணப்பட்டதால் அதை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்தனர். அக்குழாய்க்கு முறையான வரைபடம்கூட இல்லை. பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்ததே வரைபடம். சூன் 1 அன்று அது பிய்ந்து, வெளியேறிய ஆவிமேகம் வெடித்தது. 28 பேர் இறந்தனர். அவர்களுள் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். அன்று சனிக்கிழமை. வேலை நாளாக இருந்திருந்தால் உயிரிழப்பு பன்மடங்காகியிருக்கும்.

பீனாலை பலேடியம் வினையூக்கியால் ஐதரசனேற்றுவது மற்றொரு வழி. மீண்டும் கட்டப்பட்ட பிளிக்சுபரோ ஆலையில் பீனால் வழியே பின்பற்றப்பட்டது.