புழுவின் உடலில் ஒரு நூல்கட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் செல்லும் வழியில் பருத்திக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.வி.பி.ஆர். என்ற எழுத்துகளைத் தாங்கி வரும் பருத்தி இரகங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவையே. காய் பிடிக்கும் பருவத்தில் சில காடுகளில், நட்ட குச்சியில் ஒரு வட்ட மூடியும் அதன்கீழ் நீண்ட பிளாஸ்டிக் பையும் தொங்கும். பைக்குள் எட்டிப் பாருங்கள். அந்துப்பூச்சிகள் கிடக்கும். எல்லாம் ஆண்கள்! பெண் பூச்சி அகப்படுவது அரிது. மூடியின் அடியில் செருகிய சிறு ரப்பர் குமிழில் பெண் பூச்சியின் மணம் செயற்கையாக ஏற்றப்பட்டிருக்கிறது. அதை நம்பி வந்து ஏமாந்தவை அவை. இதற்கு இனக்கவர்ச்சிப் பொறி என்று பெயர்.

பொறியில் மணத்தை ஏற்றியவன் மனிதன். உண்மையான பெண் பூச்சி யாருடைய கட்டளைப்படி அந்த மணத்தை உண்டாக்குகிறது? பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதன் விடையைக் கண்டறிந்த சோதனை என்னை மிகவும் கவர்ந்தது. அதற்குத் தேவைப்பட்ட முக்கியக் கருவி ஒரு துண்டு நூல்!

1917-ஆம் ஆண்டு. போலந்து நாட்டு விஞ்ஞானி ஸ்டீபன் கோபெச், ஜிப்சி அந்துப்பூச்சியின் முதிர்ந்த கம்பளிப்புழுக்களை எடுத்து, உடலின் நடுவே நூலால் இறுகக் கட்டினார். பூச்சியின் இரத்தம் நமக்குப் போலக் குழாய்களுக்குள் ஓடுவதில்லை. உடலறை முழுவதும் பரவி நிற்கும். ஆகவே கட்டுக்கு முன்னாலுள்ள இரத்தம் பின்னால் போக முடியாது. குறிப்பிட்ட ஒரு நாளுக்கு முன்பே கட்டியபோது முன்பாதி மட்டும் கூட்டுப்புழுவாயிற்று. பின்பாதி புழுவாகவே இருந்தது. அந்த நாளைத் தாண்டிக் கட்டினால் இரு பாதிகளுமே மாறின. நரம்பை வெட்டிப் பார்த்தார், மாற்றம் தடைப்படவில்லை. உரிய நாளுக்கு முன் மூளையை எடுத்தார். புழு கூட்டுப்புழுவாகவே இல்லை.

அப்படியானால் கட்டளை மூளையிலிருந்துதான் வருகிறது. ஆனால் மின்கம்பி போன்ற நரம்பின் வழியாக அல்ல. ஆற்றில் விட்ட ஓலை போல இரத்தத்தில் மிதந்து வருகிறது. மூளை ஒரு சுரப்பியாகவும் வேலை செய்யும் என்பதை அன்று யார் நினைத்திருப்பார்கள்? கோபெச்சை 1941-இல் நாஜிகள் சுட்டுக் கொன்றனர்.

அவர் கண்ட மூளை ஹார்மோன் ஒரு புரதம். அது மார்பிலுள்ள சுரப்பியைத் தூண்ட, அச்சுரப்பி எக்டைசோன் என்ற தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கிறது. அவ்வேளை உடலில் இளமை ஹார்மோன் நிறைய இருந்தால் புழு மீண்டும் புழுவே, குறைந்துவிட்டால் கூட்டுப்புழு.

நரம்புச் செல்கள் சுரக்கும் இத்தகைய சிறு புரதத் துண்டுகளே நரம்புப் பெப்டைடுகள். அமினோ அமிலங்களை மணி மணியாகக் கோத்த சங்கிலிகள் அவை. பூச்சிகளில் முதன்முதலாக அமைப்பு அறியப்பட்ட புரோக்டோலினில் ஐந்தே மணிகள். 1975-இல் அதை ஆராய்ந்தவர்கள் 125 கிலோ கரப்பான் பூச்சிகளிலிருந்து பிரித்தெடுத்தது 180 மைக்ரோகிராம்! கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கோடியில் ஒன்றரைப் பங்குகூட இல்லை.

இம்மியளவுப் பொருள் ஓர் உடலையே மாற்றுவது எப்படி? சிவகாசிப் பக்கத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெடியின் ஆற்றல் திரியின் நெருப்பிலிருந்து வருவதில்லை. மருந்தில் முன்பே அடைந்து கிடக்கிறது. பெப்டைடும் ஒரு திரிதான். ஒரு வேறுபாடு: திரி எந்த வெடியையும் பற்றவைக்கும், பெப்டைடோ தனக்குரிய ஏற்பி உள்ள செல்லை மட்டுமே தூண்டும்.

இனிப் பருத்திக் காட்டுக்குத் திரும்புவோம். நம் பச்சைக் காய்ப்புழுவின் நெருங்கிய உறவினன் அமெரிக்காவின் மக்காச்சோளக் கதிர்ப்புழு. அதன் பெண் அந்துப்பூச்சி இரவில்தான் மணத்தை உண்டாக்கும். அசோக் ரெய்னாவும் ஜெரோம் கிளனும் 1984-இல் வெளியிட்ட சோதனையில் மீண்டும் அதே கட்டு! தலைக்கும் மார்புக்கும் இடையே கட்டிய பெண் பூச்சிகளில் மணம் உண்டாகவில்லை. மூளைச் சாற்றை உடலில் செலுத்தியதும் வயிற்று நுனியிலுள்ள சுரப்பி மணத்தை உண்டாக்கத் தொடங்கியது. அந்த ஹார்மோன் பகலிலும் தலையில் இருக்கிறது. இருட்டிய பிறகே இரத்தத்தில் விடப்படுகிறது. 1989-இல் ரெய்னாவும் உடன் உழைத்தவர்களும் அதன் அமைப்பை வெளியிட்டனர். 33 மணிகள் கொண்ட அந்தப் பெப்டைடைச் சுருக்கமாகப் பிபான் என்கிறார்கள்.

இந்த ஆராய்ச்சியின் அவசரம் நம் நாட்டுக்கு நன்கு தெரியும். 1987-88 பருவத்தில் ஆந்திரத்தின் குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் எத்தனை முறை பூச்சிமருந்து அடித்தும் காய்ப்புழு சாகவில்லை. மருந்துக்கு அது பழகிவிட்டிருந்தது. கடனில் மூழ்கிய உழவர்கள் பலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2002-இல் பி.டி. பருத்தி வந்தபின் பச்சைக் காய்ப்புழு தணிந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ அதற்கும் பழகிக்கொண்டது.

பெப்டைடையே தெளித்துப் பூச்சியைக் குழப்பினால் என்ன? நல்ல கேள்வி. ஆனால் பூச்சியின் மெழுகுத் தோலை அது எளிதில் ஊடுருவாது. தின்றாலோ குடலிலுள்ள நொதிகள் சங்கிலியைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். நொதிகளுக்கு வெட்டுப்படாத போலிப் பெப்டைடுகளைச் செய்து பார்க்கிறார்கள்.

அதுவரை பொறிதான் கைகொடுக்கிறது. பையில் விழும் ஆண்களை எண்ணினால், முட்டையும் புழுவும் பெருகப் போவதை முன்கூட்டியே அறியலாம். தேவையான நேரத்தில் மட்டும் மருந்து அடிக்கலாம். ரப்பர் குமிழுக்கு மூளை கிடையாது, பிபானும் கிடையாது. ஆகவே அது நண்பகலிலும் மணந்துகொண்டே இருக்கும். ஆனால் ஆண் பூச்சிகள் இருட்டிய பிறகுதான் வருகின்றன.