திடலுக்குள் ஓடிய மருத்துவர்

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறும்போது அக்காள் மகள் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். மருத்துவம் படிப்பவள். "விளையாட்டு மருத்துவம்தான் எடுக்கப் போறேன் சித்தி. ஜேடிதி மாதிரி ஒரு குழுவுக்கு டாக்டரா போகணும்!"

தோசை சுட்டுக்கொண்டிருந்த அக்காள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அத்தனை ஆம்பளைங்க நடுவுல உனக்கென்ன வேலை? மகப்பேறு, குழந்தை மருத்துவம்னு எதையாவது எடு."

வானொலியில் நாள்தோறும் பேசுகிற எனக்கு அன்று சட்டென்று பதில் வரவில்லை. அக்காள் வெறுமனே பயப்படவில்லை. எனக்கு ஏவா கார்னெய்ரோவின் நினைவு வந்தது.

ஜிப்ரால்டரில் பிறந்த அவர், இங்கிலாந்தின் செல்சி காற்பந்துக் குழுவின் முதல் அணிக்கு மருத்துவராக இருந்தார். 2015 ஆகஸ்டு 8ஆம் தேதி சுவான்சி குழுவுடன் ஆட்டம். செல்சியின் கோல்காவலர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறியிருந்தார். ஆட்டம் 2-2 என்று முடியும் தறுவாயில், ஏடன் ஹசார்ட் அடிபட்டு விழுந்தார். நடுவர் கையசைத்து அழைக்க, ஏவாவும் பிசியோதெரபிஸ்ட் ஜோன் ஃபெர்னும் ஓடினார்கள்.

விதிப்படி, சிகிச்சை பெற்ற ஆட்டக்காரர் திடலைவிட்டு வெளியே வந்து, பிறகுதான் உள்ளே போகலாம். அதனால் செல்சி சற்று நேரம் ஒன்பது பேரோடு ஆடவேண்டி வந்தது. பயிற்றுநர் மொரின்யோ கொதித்துப் போனார். மருத்துவராக இருந்தாலும் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று பகிரங்கமாகச் சாடினார். இருவரும் ஆட்ட நாள் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்கள்.

ஃபெர்ன் ஆண்; அவருக்கும் அதே தண்டனைதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், எதிரணி ரசிகர்களின் ஆபாசக் கோஷங்களை அதற்கு முன்பே கேட்டுச் சகித்தவர் ஏவா மட்டுமே. பெண்களுக்கென உடைமாற்றும் அறை இல்லாததையும் அவர் பின்னர் தம் வழக்கில் குறிப்பிட்டார்.

அந்தச் செப்டம்பரிலேயே குழுவைவிட்டு விலகி, வழக்குத் தொடுத்தார். 12 லட்சம் பவுன் தருவதாகச் சொன்ன சமரசத்தை அவர் மறுத்திருந்தது 2016 ஜூனில் தெரியவந்தது. அடுத்த நாளே வழக்கு சமரசமாக முடிந்தது. செல்சி நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. ஏவா ஆட்ட விதிகளையும் மருத்துவக் கடமையையும் பின்பற்றியே ஓடினார் என்று அறிக்கையும் விட்டது.

மன்னிப்பு கிடைத்தது. ஆனால், அவர் அமர்ந்திருந்த இருக்கை திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த இருக்கையில் ஒரு பெண் உட்காருவது இன்றும் செய்திதான். 2019இல் பெங்களூரு ஐபிஎல் அணி நவ்னீதா கௌதமை மசாஜ் நிபுணராக நியமித்தபோது, இந்திய நாளிதழ்கள் அதைப் பெரிதாக எழுதின. ஓர் ஆணை நியமித்திருந்தால் யார் எழுதப் போகிறார்கள்?

மகள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே குறைவு. கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறோம். படித்து முடித்ததும், எந்த நோயாளியைத் தொடலாம், எந்த இடத்தில் நிற்கலாம் என்று நாமே கோடு போடுகிறோம். குழு நிர்வாகங்கள் கதவை மூடுவதற்கு முன்பே, சமையலறையிலேயே மூடிவிடுகிறோம்.

கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆட்டக்காரரை வெளியே எடுக்கலாமா என்பதில் இறுதி முடிவு மருத்துவருடையதா, பயிற்றுநருடையதா? பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை உண்டா? அவமதிப்பு நேர்ந்தால் யாரிடம் புகார் செய்வது? வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இவற்றைக் கேட்கச் சொல்வதுதான் பெற்றோர் தரும் பாதுகாப்பு.

இதையெல்லாம் அக்காளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு மகளின் தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அடுத்த ஆட்டம் இஸ்கண்டார் புத்ரியில எப்போ? நாமளும் போய்ப் பாப்போமே, அந்த டாக்டர் எங்க உட்கார்றாங்கன்னு."