பூட்டுப் போடாமல் மூடும் கஜானா

பட்ஜெட் தகராறு முற்றினால் அமெரிக்காவில் அரசு அலுவலகங்களை மூடிவிடுகிறார்கள். இந்தியாவில் அதற்கு இடமில்லை. ஆனாலும் கட்சிகளின் சண்டைக்கு இங்கே விலை கொடுப்பது யார் என்பது திருவனந்தபுரத்து ஓய்வூதியக்காரர்களுக்குத் தெரியும்.

ஸ்ரீவராகம் கோயில் குளத்தைச் சுற்றிக் காலை நடை போகிறவர்களில் ஓய்வூதியக்காரர்கள் அதிகம். ஒருவர் தலைமைச் செயலகத்தில் கோப்பு பார்த்தவர், இன்னொருவர் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மற்றொருவர் மின்சார வாரியத்தில் இருந்தவர். கோட்டையைச் சுற்றியுள்ள இந்தப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அதனால் பேச்சு பாதி வழியில் மலையாளத்திலிருந்து தமிழுக்குத் தாவும். மாதத்தின் முதல் வாரத்தில் மட்டும் எந்த மொழியில் பேசினாலும் விஷயம் ஒன்றுதான்: ட்ரெஷரியில் பணம் இருக்கிறதா?

இதே வட்டாரத்தில்தான் பத்மநாபசுவாமி கோயில் இருக்கிறது. 2011ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி அதன் நிலவறைகள் திறக்கப்பட்டபோது வெளிவந்த தங்கத்தைப் பார்த்து உலகமே வாய் பிளந்தது. சாமியின் கஜானா நிரம்பி வழிகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, செயலகத்தில் இருப்பவர்களோ அடுத்த செவ்வாய்க்கிழமை ரிசர்வ் வங்கி நடத்தும் கடன் ஏலத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

2024 மார்ச் முதல் தேதி அந்தக் காத்திருப்பு எல்லை மீறியது. வெள்ளிக்கிழமை. கேரள அரசு ஊழியர்கள் வழக்கம்போலத் தங்கள் கருவூல சேமிப்புக் கணக்கைப் பார்த்தார்கள். சம்பளம் வரவு வைக்கப்பட்டிருந்தது. ஆனால் அதை எடுக்க முடியவில்லை, வங்கிக்கு மாற்றவும் முடியவில்லை. திங்கட்கிழமை ஊழியர் சங்கத்தினர் செயலகத்தின் முன் உண்ணாவிரதப் பந்தல் போட்டார்கள். அன்றே அப்போதைய நிதியமைச்சர் கே.என். பாலகோபால் ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தார்: ஒருவர் ஒரு நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது.

காரணம் கேட்டபோது மூன்று பதில்கள் வந்தன. மத்திய அரசு கழுத்தை நெரிக்கிறது என்றது ஆளும் இடது ஜனநாயக முன்னணி. வரி வசூலிக்கத் தெரியாமல் ஊதாரித்தனம் செய்த அரசுதான் குற்றவாளி என்றது எதிர்க்கட்சியான ஐக்கிய ஜனநாயக முன்னணி. பட்ஜெட்டுக்கு வெளியே கடன் வாங்கிவிட்டு எங்களைக் குறை சொல்வதா என்று கேட்டது டெல்லி. மூன்றும் தொலைக்காட்சியில் நன்றாகவே எடுபட்டன. கருவூல ஜன்னலில் நின்றவருக்கு ஒன்றும் பயன்படவில்லை.

அமெரிக்கப் பூட்டு

அமெரிக்காவில் இது வேறு விதமாக நடக்கும். அங்கே நிதியாண்டு அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அதற்குள் நாடாளுமன்றம் செலவு மசோதாக்களை நிறைவேற்றி, அதிபர் கையெழுத்திட வேண்டும். தவறினால் ஒதுக்கீடு இல்லாத துறைகள் செலவு செய்யக்கூடாது. இந்தத் தடை பழைய சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 1980ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி தந்த விளக்கத்துக்குப் பிறகுதான் கதவடைப்பு உண்மையான ஆபத்தாக மாறியது. அத்தியாவசியம் அல்லாத ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அத்தியாவசியமானவர்கள் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறார்கள்.

1995 டிசம்பரில் அதிபர் கிளிண்டனும் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் மோதியபோது அரசு 21 நாள் முடங்கியது. மெக்சிகோ எல்லைச் சுவருக்கு டிரம்ப் பணம் கேட்டதில் 2018-19ல் 35 நாள் போனது. 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை நடந்த கதவடைப்பு 43 நாள் நீடித்து எல்லாவற்றையும் மிஞ்சியது. ஏழைகளுக்கான உணவு உதவிகூடத் தடுமாறியது.

அங்கே அதிபரும் நாடாளுமன்றமும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பட்ஜெட் தோற்றால் யாருக்கும் பதவி போகாது. ஆகவே இரு தரப்பும் வாரக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்க முடிகிறது.

தோற்றால் வீட்டுக்கு

இந்தியாவில் அந்த வசதி இல்லை. சட்டசபையின் ஒப்புதல் இல்லாமல் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது என்கிறது அரசியல் சாசனத்தின் 266வது பிரிவு. ஆனால் பணம் கேட்கும் அரசுக்கு அதே சபையில் பெரும்பான்மை இருந்தாக வேண்டும். நிதி மசோதா தோற்றால் பூட்டப்படுவது அலுவலகம் அல்ல, அமைச்சரவை. முழு பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் இடைக்காலச் செலவுக்கு அனுமதி வாங்க 206வது பிரிவு வழிசெய்கிறது.

அரசே கவிழ்ந்தாலும் சமாளித்திருக்கிறார்கள். 1999 ஏப்ரல் 17ந் தேதி வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் தோற்றது. பட்ஜெட் அப்போது பாதியில் நின்றது. அடுத்த சில நாட்களிலேயே, கவிழ்த்தவர்களும் கவிழ்ந்தவர்களும் சேர்ந்து விவாதம் இல்லாமல் அதை நிறைவேற்றினார்கள். அதன் பிறகே மக்களவை கலைக்கப்பட்டது.

2016ல் உத்தரகண்ட் விளிம்புக்கே போனது. மார்ச் 18ந் தேதி ஒதுக்கீட்டு மசோதா நிறைவேறிவிட்டதாக சபாநாயகர் அறிவித்தார். ஒன்பது காங்கிரஸ் அதிருப்தியாளர்களும் பா.ஜ.க.வும் இல்லை என்றார்கள். குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு செலவு செய்ய அவசரச் சட்டம் தேவைப்பட்டது. மே மாதம் சபையில் பலத்தை நிரூபித்து ஹரிஷ் ராவத் மறுபடியும் முதல்வரானார். அலுவலகங்கள் மூடவில்லை.

ஆக, இந்தியாவில் பட்ஜெட்டை ஓட்டெடுப்பில் வீழ்த்துவது கஷ்டம். பெரும்பான்மை இல்லாத எதிர்க்கட்சிக்கு மிஞ்சுவது ரகளைதான். 1989 மார்ச் 25ந் தேதி தமிழக சட்டசபையில் முதல்வர் கருணாநிதி பட்ஜெட் வாசிக்க எழுந்தபோது நடந்ததைத் தமிழக வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கேரளத்தின் முறை 2015ல் வந்தது.

லட்டும் நாற்காலியும்

மதுக்கூட உரிமையாளர்களிடம் லஞ்சம் வாங்கியதாகக் குற்றம்சாட்டப்பட்ட நிதியமைச்சர் கே.எம். மாணி பட்ஜெட் வாசிக்கக் கூடாது என்றது இடது முன்னணி. முதல்வர் உம்மன் சாண்டி பின்வாங்கவில்லை. 2015 மார்ச் 12ந் தேதி இரவு இரு தரப்பு எம்.எல்.ஏ.க்களும் சபை வளாகத்திலேயே தங்கினார்கள். மறுநாள் காலை எதிர்க்கட்சியினர் மேடையில் ஏறினார்கள். சபாநாயகர் சக்தனின் நாற்காலி தூக்கி எறியப்பட்டது. மைக்குகளும் கம்ப்யூட்டர்களும் உடைந்தன. காவலர்களும் ஆளும்கட்சி எம்.எல்.ஏ.க்களும் சூழ்ந்து நிற்க, மாணி சில நிமிடம் வாசித்துவிட்டு மீதியை சபையில் வைத்தார். அது அவருடைய 13வது பட்ஜெட். தேதியும் 13. ஆளும் தரப்பு லட்டு கொடுத்துக் கொண்டாடியது. சபாநாயகர் நாற்காலியில் இல்லாதபோது வாசித்தது பட்ஜெட்டே அல்ல என்றது எதிர்த்தரப்பு.

பிறகு நடந்தவை விசித்திரமானவை. அதே ஆண்டு நவம்பரில் மாணி பதவி விலகினார். 2019ல் காலமானார். 2020ல் அவருடைய மகன் ஜோஸ் கே. மாணி தலைமையில் கட்சி இடது முன்னணியிலேயே சேர்ந்தது. ரகளை வழக்கில் சிக்கியவர்களில் ஒருவரான வி. சிவன்குட்டி 2021ல் கல்வியமைச்சரானார். வழக்கை வாபஸ் வாங்க இடது அரசு செய்த முயற்சியை அந்த ஆண்டு ஜூலை 28ந் தேதி உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. எம்.எல்.ஏ.க்களின் தனியுரிமை, பொதுச் சொத்தை உடைப்பதற்கான லைசென்ஸ் அல்ல என்று சொல்லிவிட்டது.

அன்று உடைந்த பொருட்களின் மதிப்பு சுமார் 2.20 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கு மட்டும் காசு சுத்தமாகத் தீர்மானிக்கப்பட்டது.

உண்மையில் கேரள அரசு அலுவலகங்கள் பட்ஜெட் நெருக்கடியால் வெறிச்சோடியதும் உண்டு. அப்போது பூட்டியது அரசு அல்ல, ஊழியர்கள். 2001ல் பதவிக்கு வந்த ஏ.கே. அந்தோணி கஜானா காலி என்று சொல்லி ஊழியர்களின் சலுகைகளைக் குறைத்தார். 2002 பிப்ரவரியில் ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது 32 நாள் நீடித்தது.

டெல்லியில் இருக்கும் சாவி

இன்று சண்டையின் களம் சபை அல்ல. சாசனத்தின் 293வது பிரிவு. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம், அதன் சம்மதம் இல்லாமல் புதுக் கடன் வாங்கக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. சட்டசபை எவ்வளவு பெரிய பட்ஜெட்டையும் நிறைவேற்றலாம். வரவுக்கும் செலவுக்கும் இடையிலான பள்ளத்தைக் கடனால் நிரப்ப டெல்லி தலையாட்ட வேண்டும்.

1999ல் தொடங்கி 2016ல் புத்துயிர் பெற்ற கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி, பாலங்களுக்கும் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கடன் வாங்கியது. முதியோர் ஓய்வூதியத்துக்காகத் தனி கம்பெனியும் கடன் வாங்கியது. இவையும் மாநிலத்தின் கடனே என்று மத்திய அரசு உச்சவரம்பில் கழித்தது. இது பழைய கடனுக்குப் பின்தேதியிட்ட தண்டனை என்றது கேரளம். பின்வாசல் கடனும் கடன்தான் என்றது மத்திய அரசு. இரண்டு வாதத்திலும் சரக்கு இருக்கிறது.

2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. உடனடியாக 26,226 கோடி ரூபாய் கடன் வாங்க அனுமதி கேட்டது. 2024 பிப்ரவரி 8ந் தேதி முதல்வர் பினராயி விஜயன் அமைச்சர்களோடு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார். தமிழகத்தின் சார்பில் அமைச்சர் பழனிவேல் தியாகராஜனும் போனார். கேரள எதிர்க்கட்சி போகவில்லை. வழக்கை வாபஸ் வாங்கினால் 13,608 கோடிக்குச் சம்மதம் என்றது மத்திய அரசு. நீதிமன்றம் சொன்ன பிறகு மார்ச்சில் அந்த நிபந்தனை கைவிடப்பட்டது. ஏப்ரல் முதல் தேதி நீதிமன்றம் கூடுதல் இடைக்கால நிவாரணம் தர மறுத்து, 293வது பிரிவின் பொருளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்மானிக்கட்டும் என்று அனுப்பிவிட்டது.

சத்தமில்லாத வரிசை

சம்பளம் வராத மூன்று நாள் மட்டும்தான் செய்தியாயிற்று. கஜானா அதற்கு முன்பே பல ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தது. பணம் போதாதபோது மாநிலம் ரிசர்வ் வங்கியில் முன்பணம் வாங்கும். அதையும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். தொடர்ந்து 14 வேலை நாளுக்கு மேல் அது தீராவிட்டால் வங்கி பணம் தருவதை நிறுத்திவிடும். அந்த அவமானம் வராமலிருக்க ஒவ்வொரு நிதியமைச்சரும் முதலில் செய்வது பில்களை நிறுத்திவைப்பது. 2023 ஆகஸ்டில் 5 லட்சம் ரூபாயைத் தாண்டும் பில்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றார்கள். காண்ட்ராக்டர் காத்திருந்தார். ஊழியரின் அகவிலைப்படி பாக்கி விழுந்தது.

வரிசையின் கடைசியில் நின்றவர்கள் சமூக நல ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள், விதவைகள், ஊனமுற்றவர்கள். அன்று மாதம் 1,600 ரூபாய். 2024 தொடக்கத்தில் பல மாத பாக்கி சேர்ந்துவிட்டது. இடுக்கி மாவட்டத்தில் இரண்டு மூதாட்டிகள் பாத்திரம் ஏந்தித் தெருவில் பிச்சை கேட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். 2025 நவம்பரில், தேர்தலுக்குச் சில மாதங்கள் இருக்கையில், தொகை 2,000 ஆனது.

கேரளத்தில் ஆட்சி மாறும்போது வெள்ளை அறிக்கை வெளியிடுவது ஒரு சடங்கு. 2001ல், 2011ல், 2016ல் வந்தது. போனவர் கஜானாவைத் துடைத்துவிட்டார் என்பதுதான் ஒவ்வொன்றின் சாரம். அடுத்த ஆட்சியில் அதே வாக்கியம் எழுதியவரைப் பற்றியே திரும்பி வருகிறது.

அமெரிக்கக் கதவடைப்பு கொடுமையானது. ஆனால் அதற்குத் தேதி உண்டு, நேரம் உண்டு, எத்தனையாவது நாள் என்று டி.வி.யில் எண்ணிக்கை உண்டு. திறந்த பிறகு மத்திய அரசு ஊழியருக்குப் பழைய சம்பளம் கொடுக்க 2019ல் சட்டமே போட்டார்கள். நாள் ஏற ஏற அவமானமும் ஏறுகிறது. கடைசியில் யாராவது இறங்கி வர வேண்டியிருக்கிறது.

கேரளத்து முடக்கத்துக்கு அப்படி ஒரு நாளும் கிடையாது. எந்தச் சபையும் அதற்கு ஓட்டுப் போடவில்லை. எந்த அமைச்சரும் அதில் கையெழுத்திடவில்லை. ஒரு பில் நின்றால் எத்தனை நாளில் தீர வேண்டும், ஓய்வூதியம் தவறினால் எப்போது, என்ன வட்டியோடு கொடுக்க வேண்டும் என்று அரசைக் கட்டுப்படுத்தும் காலக்கெடு இருந்தால், அதையாவது சபையில் கேட்கலாம். ஆளும் அணியும் எதிரணியும் இடம் மாறி மாறி உட்கார்ந்தபோதும் அப்படி ஒரு கெடுவுக்காக யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை.

ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் நடப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. பாதிப் பேர் அந்தக் கோப்புகளை எழுதியவர்கள்தானே. அவர்களுடைய ஓய்வூதியம் சில நாள் பிந்தினாலும் வீட்டில் அடுப்பு எரியும். அதே தெருவில் பாத்திரம் தேய்க்க வரும் மூதாட்டிக்கு அப்படி அல்ல. அவளுக்கு வரவேண்டிய பணம் எந்த மாதத்தோடு நின்றது என்பதைச் சொல்ல வெள்ளை அறிக்கை தேவையில்லை. விரல் விட்டு அவளே எண்ணிச் சொல்லிவிடுவாள்.