மெத்தனாலா, எத்தனாலா? தடய அறிவியல் ஆய்வகம் எப்படிக் கண்டுபிடிக்கிறது

நான் பி.இ. படிச்சு சாஃப்ட்வேர்ல குப்பை கொட்டுற ஆள். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பிளஸ் டூவோட உறவு முடிஞ்சது. ஆனா 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச் சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, ஒரு செய்தி என்னை நிறுத்தியது. குடித்தது காய்ச்சிய சாராயமே அல்ல, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று ஆய்வகப் பரிசோதனையில் தெரியவந்ததாகக் காவல்துறை கூறியது. அது வந்த இடம் என்று அவர்கள் சொன்னது வானகரத்தில் இருந்த ஒரு ரசாயன ஆலை. வானகரம் நம்ம பூந்தமல்லி ஹைரோட்டில், தினமும் கடந்து போகிற இடம்.

அடுத்த வருடம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அங்கே முதலில் சாராயம் காரணமல்ல என்ற மறுப்புதான் நிர்வாகத் தரப்பிலிருந்து வந்தது. மெத்தனால் என்பதை ஆய்வக முடிவுதான் உறுதி செய்தது.

எப்படி உறுதி செய்கிறார்கள்? இரண்டுமே நிறமில்லாத திரவம். வாசனையும் கிட்டத்தட்ட ஒன்று. குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. உடம்புக்குள் போன பிறகுதான் பாதை பிரிகிறது. கல்லீரல் மெத்தனாலை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அந்த அமிலம்தான் பார்வை நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் எடுக்கிறது.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு

இங்கேதான் கேஸ் குரோமட்டோகிராஃபி வருகிறது. 1952இல் ஏ.டி. ஜேம்ஸ், ஏ.ஜே.பி. மார்ட்டின் என்ற இரு ஆங்கிலேயர்கள் கொண்டுவந்த முறை. ஐடியா ரொம்ப எளிமை.

ஆவடியில் நாலு பேர் ஒரே நேரத்தில் நடக்க ஆரம்பிக்கிறார்கள்னு வைங்க. நடை வேகம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனா ஒருத்தர் வழியில் இருக்கிற எல்லா டீக்கடையிலும் நின்று பேசுவார், இன்னொருத்தர் எங்கேயும் நிற்க மாட்டார். பூந்தமல்லிக்கு யார் எப்போ வந்து சேருவாங்க? நின்ற நேரம்தான் வித்தியாசம்.

கருவிக்குள் அந்தச் சாலை என்பது பொதுவாக 30 மீட்டர் நீளமுள்ள, தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனான கண்ணாடிக் குழாய். சுருட்டி ஒரு அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். நடக்க வைப்பது ஹீலியம் அல்லது நைட்ரஜன் வாயு. டீக்கடை என்பது குழாயின் உட்சுவரில் பூசியிருக்கும் மெல்லிய படலம். அதில் அதிகம் ஒட்டும் பொருள் தாமதமாக வரும். 64.7 டிகிரியில் கொதிக்கும் மெத்தனால் முன்னால் வரும், 78 டிகிரியில் கொதிக்கும் எத்தனால் பின்னால் வரும்.

ரத்தத்தை நேரடியாக உள்ளே விட முடியாது, குழாய் கெட்டுப்போகும். அதனால் சின்னக் குப்பியில் அடைத்துச் சூடாக்குவார்கள். மேலே சேரும் ஆவியை மட்டும் எடுத்து அனுப்புவார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு ஹைட்ரஜன் சுடர். கார்பன் சேர்மம் அதில் எரிந்ததும் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். கணினித் திரையில் ஒரு சிகரம் எழும். வந்த நேரம் 'யார்' என்பதற்கான துப்பு, சிகரத்தின் பரப்பளவு 'எவ்வளவு' என்பதற்கான கணக்கு. கணக்கு தப்பாமல் இருக்க, தெரிந்த அளவு புரப்பனாலை எல்லா மாதிரியிலும் சேர்த்து, அதோடு ஒப்பிடுவார்கள்.

ஹேஷ் மோதல்

நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். வந்து சேரும் நேரம் ஒரு ஹேஷ் மாதிரி. ஒரே பொருள் என்றால், அதே நிலைமையில் ஒரே நேரம்தான் வரும். ஆனா ஒரே நேரம் வந்ததாலேயே ஒரே பொருள் என்று சொல்ல முடியாது. இரண்டு வேறு பொருட்கள் ஒரே நேரத்தில் வந்து மோதலாம். கொலை வழக்கில் இது சின்ன விஷயமில்லை.

அதுக்கு இரண்டு வழி. ஒன்று, வேறு படலம் பூசிய இரண்டாவது குழாயிலும் ஓட்டுவது. முதல் குழாயில் ஒட்டி வந்தவை இரண்டாவதில் பெரும்பாலும் பிரிந்துவிடும். இரண்டு ஹேஷ் ஃபங்ஷனும் பொருந்தினால் நம்பிக்கை கூடும். இன்னொன்று, சுடருக்குப் பதிலாக மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இணைப்பது. அது மூலக்கூறை எலக்ட்ரானால் அடித்து உடைக்கும். எந்தெந்த எடையில் துண்டுகள் விழுகின்றன என்பது கிட்டத்தட்ட கைரேகை மாதிரி. அதை ஏற்கனவே தெரிந்த சேர்மங்களின் நூலகத்தோடு ஒப்பிடுவார்கள். போதைப்பொருள், பூச்சிமருந்து, தீவைப்பு வழக்கில் சாம்பலில் மிஞ்சிய பெட்ரோல் என்று பலவற்றுக்கும் இந்தக் கூட்டணிதான்.

கருவிக்கு முன்னால் நடக்கும் தப்பு

எவ்வளவு நல்ல கருவியானாலும், உள்ளே போனதுதான் வெளியே வரும். குப்பி சரியாக மூடவில்லை என்றால் மெத்தனால் ஆவியாகிப் போய்விடும். ரத்தத்தில் சோடியம் ஃப்ளூரைடு சேர்க்கவில்லை என்றால், கிருமிகளே சர்க்கரையை எத்தனாலாக மாற்றிவிடக்கூடும், குடிக்காதவரும் குடித்தவராகத் தெரிவார். உடல் உறுப்புகளைச் சில விஷ வழக்குகளில் ஸ்பிரிட்டில் போட்டு அனுப்புவது உண்டு. சாராயச் சாவில் அதைச் செய்தால் என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கலாம். அங்கே உப்புக் கரைசல்தான்.

சென்னையில் 1849இலேயே கெமிக்கல் எக்ஸாமினர் பதவி இருந்தது. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறைக்கு அதுதான் வேர். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329ஆவது பிரிவுப்படி, அரசு நிபுணரின் அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலேயே நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம். தேவைப்பட்டால் அழைத்து விசாரிக்கலாம். அப்படி அழைக்கும்போது வக்கீல் கேட்க வேண்டிய கேள்விகள்: எத்தனை குழாய்? வெற்று மாதிரி ஓட்டினீர்களா? சீல் எப்படி இருந்தது?

ஓர் ஓட்டத்துக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். மெத்தனால் என்று சீக்கிரம் தெரிந்தால், இன்னும் குடிக்காதவரை எச்சரிக்கலாம். குடித்தவருக்கு ஃபோமெபிசோலோ டயாலிசிஸோ கொடுத்துக் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வாய்ப்பு இருக்கிறது. அதனால் முதல் சாவு நடந்த அன்றே ஒரு குப்பி அந்தக் கருவிக்குப் போக வேண்டும். "இது சாராயச் சாவு இல்லை" என்று யாராவது சொல்வதாக இருந்தால், அந்தச் சிகரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.