இப்பில் இப்பில் தழையும் ஆட்டின் இரைப்பையும்

வரட்சியிற் புல் கருகிய பின்னும் இப்பில் இப்பில் பசுமையாய் நிற்கும். புரதம் மிகுந்த அதன் தழையில் மிமோசீன் என்னும் நச்சுப்பொருளும் உண்டு. குதிரை தின்றால் வால்மயிர் உதிரும். அசைபோடும் விலங்குகளின் இரைப்பையில் மிமோசீன் வேறொரு நஞ்சாக மாறிக் கழுத்துச் சுரப்பியை வீங்கச் செய்யும்.

அவுஸ்திரேலிய மாடுகள் இத்தழையால் நலிந்தன. ஹவாய்த்தீவின் ஆடுகளோ இதையே தின்று கொழுத்தன. அவ்வாடுகளின் இரைப்பையில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவே நஞ்சை அழிக்கின்றதென ரேமண்ட் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் கண்டார். 1980களில் அப்பற்றீரியா அவுஸ்திரேலியக் கால்நடைகளின் இரைப்பையிற் செலுத்தப்பட்டது. தழை தீங்கற்ற தீனியாயிற்று. 1992இல் பற்றீரியாவுக்கு அவர் பெயரே இடப்பட்டது.

தம் மாட்டின் வயிற்றில் அது உண்டோ என்பதைக் கமக்காரர் பார்த்தறிதல் இயலாது. ஆதலால் தீனியில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாது தழையைக் கலந்து, மிகுதிக்குப் புல்லும் வைக்கோலும் இடுக. மயிர் உதிரக் கண்டால் அன்றே நிறுத்துக.