ஸ்புட்னிக் கற்பித்த பாடம்

1957-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சோவியத் யூனியன் விண்ணில் செலுத்திய ஸ்புட்னிக்-1, மனிதன் படைத்த முதல் துணைக்கோளாகும். 58 சென்டிமீட்டர் விட்டமும் 83.6 கிலோகிராம் எடையும் உடைய அந்த உலோகக் கோளம், ஏறத்தாழ 96 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியை வலம் வந்தது.

அது விழாதிருந்தது எங்ஙனம்? மாடியிலிருந்து கிடையாக எறியப்படும் கல் வளைந்து சென்று தரையை அடைகிறது. வேகம் கூடக்கூட விழும் இடமும் தொலைவாகிறது. காற்று மிக அருகிய உயரத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகம் எய்தினால், பொருள் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகுகிறது. ஆகவே அப்பொருள் தரையைத் தொடுவதில்லை.

கோளத்தின் வானொலி மூன்று வாரங்களில் ஓய்ந்தது. ஆயினும் ஓய்ந்த கோளமும் ஆராய்ச்சிக்கு உதவிற்று. அருகிய காற்றின் தடையால் அதன் பாதை சிறிது சிறிதாகச் சுருங்கியது. அச்சுருக்கத்தைக் கொண்டு உயர்மண்டலக் காற்றின் அடர்த்தியை அறிஞர் கணித்தனர். 1958 ஜனவரி 4-இல் அது எரிந்தழிந்தது.

அதனை ஏந்திச் சென்ற ராக்கெட்டு, கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையிலிருந்து உருவானது. எனவே வல்லரசுகளிடையே போட்டி மூண்டது. அமெரிக்காவின் வான்கார்டு 1957 டிசம்பர் 6-இல் ஏவுதளத்திலேயே வெடித்தது. 1958 ஜனவரி 31-இல் செலுத்தப்பட்ட எக்ஸ்புளோரர்-1, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையத்தை அறியச் செய்தது.

போருக்கென அமைந்த கருவி காற்றை அளக்கவும் பயன்பட்டது. கல் ஒன்றைக் கையிலெடுத்து ஆசிரியர் இப்பாடத்தைத் தொடங்கலாம்.