காவிரி டெல்டாவில் மின்சார ஸ்கூட்டர்

மின்சார ஸ்கூட்டர் என்பது பெட்ரோல் எஞ்சினுக்குப் பதிலாக, பேட்டரியில் சேமித்த மின்சாரத்தால் மோட்டாரை இயக்கி ஓடும் இருசக்கர வாகனம். பேச்சு வழக்கில் 'பேட்டரி வண்டி' எனப்படுகிறது. மேடு பள்ளம் குறைந்த தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. ஆனால் அங்குள்ள வெள்ளமும் புயலும் இதற்குக் கடுமையான சோதனையாக அமைகின்றன.

தமிழ்நாடு இவ்வண்டிகளின் முக்கிய உற்பத்தி மாநிலம். ஆம்பியர் நிறுவனம் 2008-இல் கோயம்புத்தூரில் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் ஓசூரில் வண்டி செய்கிறது. டி.வி.எஸ். ஐக்யூப் 2020-இல் வந்தது. ஓலாவின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் உள்ளது.

சட்டப்படி இவை இரு வகை. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது; அதற்கு ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை. மற்றவற்றுக்குப் பதிவு, காப்பீடு, உரிமம், தலைக்கவசம் எல்லாம் உண்டு. சொந்த உபயோக வண்டிக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்ற முறை 2018-இல் வந்தது. மெதுவண்டியின் வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தரும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நீக்கிய கணமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுச் சுமை முழுவதும் உரிமையாளர் தலையில் விழும்.

தூரமும் செலவும்

ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 30 வாட்-மணி ஆற்றல் செலவாகிறது. எனவே 3 யூனிட் கொள்ளும் பேட்டரி சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். இருவர் அமர்ந்தாலோ வேகமாக ஓட்டினாலோ இது நன்றாகக் குறையும்; விளம்பரத்தில் உள்ள தூரத்தில் கால் பங்கைக் கழித்துக் கணக்கிடுவது நல்லது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர், கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர். திருவையாற்றுக்குத் தினமும் போய்வர எந்தக் கவலையும் இல்லை. கும்பகோணம் போய்த் திரும்புபவர் அங்கேயே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டால் நிம்மதி.

100 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் ஸ்கூட்டர் சுமார் 2 லிட்டர் குடிக்கும். மின்சார ஸ்கூட்டருக்கு, சார்ஜ் ஏற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, மூன்றரை யூனிட் போதும். வயலின் பம்புசெட்டுக்குத் தரப்படும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டுமே உரியது. மோட்டார் கொட்டகையில் வண்டிக்கு சார்ஜ் போடுவது விதிமீறல்.

பாரம் ஏற்றும் வேலையில் டி.வி.எஸ். எக்ஸெல் மொபெட்டின் இடத்தைச் சாதாரண மின்சார ஸ்கூட்டர் இன்னும் பிடிக்கவில்லை. 45 கிலோ யூரியா மூட்டையைக் கால்வைக்கும் இடத்தில் வைத்து வரப்போரப் பாதையில் போவதற்கு அது வடிவமைக்கப்படவில்லை. ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி போன்றோருக்கே அது ஏற்றது.

சார்ஜ் ஏற்றும்போது

2022 மார்ச் மாதம் வேலூர் அருகே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த வண்டி தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தனர். அவ்வாண்டு நிகழ்ந்த பல தீ விபத்துகளுக்குப் பின் பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. பழைய ஓட்டு வீடுகள் பலவற்றில் எர்த் இணைப்பு இல்லை. வண்டி வாங்குமுன் முதல் வேலை எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்துடன் தனிப் பிளக் போடுவதே. வெளியேறும் வாசற்படியை அடைத்து வண்டியை நிறுத்தக் கூடாது. சித்திரை வெயிலில் ஓடி வந்த பேட்டரியை அரை மணி நேரமாவது ஆறவிட்டு சார்ஜ் போட வேண்டும். சூடு பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும்.

மழையும் புயலும்

பல வண்டிகளின் பேட்டரி 'ஐ.பி. 67' தரம் கொண்டது. அதாவது 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் ஐப்பசி அடைமழையில் தெருவில் ஒரு நாள் முழுவதும் தேங்கும் நீருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சார்ஜருக்கும் இணைப்பு முனைக்கும் அந்தத் தரம் பெரும்பாலும் இருப்பதில்லை. நீரில் மூழ்கிய வண்டியை உடனே சார்ஜில் போடாமல் சேவை மையத்தில் சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும். கடலோர ஊர்களில் உப்பு நீர் புகுந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சார ஸ்கூட்டரை மட்டுமே வைத்திருக்கும் குடும்பம் அப்படிப்பட்ட நாட்களில் மருத்துவமனைக்குப் போக வழியின்றி நிற்கும். ஆகவே புயல் எச்சரிக்கை வந்ததும் முழுதாக சார்ஜ் ஏற்றி வண்டியை மேட்டில் நிறுத்துவதும், வீட்டில் பழைய பெட்ரோல் வண்டி இருந்தால் மார்கழி முடியும்வரை அதை விற்காமல் வைத்திருப்பதும் டெல்டாவுக்குப் பொருந்தும் நடைமுறை.